கிரிக்கெட்டில் இரு பிரிவுகள் ஏன்?

விஜய் ஹசாரே கோப்பை, மாநில அணிகள் மோதும் ஐம்பது ஓவர்ப் போட்டி. 2021–22 பருவத்தில் அதில் 38 அணிகள் ஆடின. முப்பது அணிகள் எலைட் பிரிவில். பெரும்பாலும் புதியவையான எட்டு அணிகள் பிளேட் பிரிவில். பிளேட்டில் முதலிடம் பெறும் ஓர் அணிக்கே மேல் சுற்றுக்கு வழி. அப்பருவத்து இறுதியாட்டத்தில் நம் தமிழ்நாட்டை வென்று, இமாசலப் பிரதேசம் முதன்முறையாகக் கோப்பை கொண்டது.

"எல்லோரும் ஆட்டக்காரர்தாமே, இந்த மேல் கீழ் எதற்கு?" என்று விடுதியில் நான் வாதாடியதுண்டு.

அடுத்த பருவத்தில் பிரிவுகள் கலைக்கப்பட்டன. 2022 நவம்பர் 21 அன்று பெங்களூரில், அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராகத் தமிழ்நாடு 2 விக்கெட் இழப்புக்கு 506 ஓட்டங்கள் குவித்தது. ஜெகதீசன் மட்டும் 277. எதிரணி 71 ஓட்டங்களில் சுருண்டது. நாங்கள் ஆரவாரித்தோம். என் அறைத் தோழர் அருணாசலப் பிரதேசத்தவர். ஒன்றும் பேசாமல் புத்தகத்தை விரித்துக்கொண்டார். என் வாதம் அப்போது எனக்கே கசந்தது.

நண்பர்களே, பிரிவு என்பது இழிவன்று. சமபலத்தாரோடு ஆடித் தேறும் இடம் அது. ஆனால் மேலே ஏறும் ஏணியை மட்டும் எடுத்துவிடலாகாது.