பொன்னாடை போர்த்தியவரிடம் கணக்கும் கேட்போம்

2026 அக்டோபர் 26-ம் தேதி டொரண்டோ மாநகரத் தேர்தல். அஜின்கோர்ட் வீடுகளின் முன்னால் மறுபடியும் வேட்பாளர் பெயர்ப் பலகைகள் முளைக்கும். "யாரு ஜெயிப்பாங்க?" என்று நாமும் பேசுவோம். ஜெயித்தவரைப் பொங்கல் விழாவுக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவோம். அப்புறம் நாலு வருஷம் கப்சிப்.

இதே அஜின்கோர்ட்டில் நடந்த ஒரு விஷயம் நமக்குப் பாடமாக இருக்கட்டும்.

2018-ல் டக் ஃபோர்டின் ஒன்டாரியோ அரசு, தேர்தல் வேலைகள் நடந்துகொண்டிருக்கும்போதே டொரண்டோவின் வார்டுகளை 47-லிருந்து 25 ஆகக் குறைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அரசு செய்தது செல்லும் என்று 2021-ல் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. இந்த மாற்றத்தால் அஜின்கோர்ட்டின் இரண்டு கவுன்சிலர்கள், ஜிம் காரிஜியானிஸும் நார்ம் கெல்லியும், ஒரே 22-வது வார்டுக்காக மோத வேண்டியதாயிற்று. ஜெயித்தவர் காரிஜியானிஸ். பல ஆண்டுகள் இங்கே எம்.பி.யாக இருந்தவர். ஈழத் தமிழருக்காகக் குரல் கொடுத்தவர் என்று நம்மில் பலருக்கு அவர் மேல் மரியாதை உண்டு.

2019-ல் டொரண்டோ வாக்காளர் ஒருவர் காரிஜியானிஸின் தேர்தல் கணக்கைத் தணிக்கை செய்யச் சொல்லி மனு போட்டார். ஒன்டாரியோ மாநகரத் தேர்தல் சட்டப்படி, தகுந்த காரணம் இருந்தால் எந்த வாக்காளரும் இப்படிக் கேட்கலாம். தணிக்கைக்கு உத்தரவானது. அந்த அக்டோபரில் காரிஜியானிஸ் தாக்கல் செய்த துணைக் கணக்கில், வாக்குப்பதிவு முடிந்தபின் நன்றி விருந்து வகைக்கு 32,083 டாலர் செலவு என்று இருந்தது. அந்த வகைக்குச் சட்டம் அனுமதித்ததோ 6,120 டாலர்தான்.

இதில் சட்டம் ரொம்பக் கறார். வேட்பாளர் கொடுத்த கணக்கிலேயே வரம்பு மீறியது தெரிந்தால் பதவி தானாகவே போய்விடும். நவம்பரில் பதவி போனது. 'அது நிதி திரட்டும் விருந்து, தவறான தலைப்பில் எழுதிவிட்டோம்' என்று அவர் கோர்ட்டுக்குப் போனார். பதவி திரும்பக் கிடைத்தது. மனு போட்டவர் விடவில்லை, மேல்முறையீட்டுக்குப் போனார். 2020-ல் தீர்ப்பு மாறி, பதவி மறுபடியும் போனது. 2021 ஜனவரி 15-ல் இடைத்தேர்தல் நடந்து நிக் மண்டாஸ் கவுன்சிலரானார்.

"மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவரை ஒரு விருந்து பில்லுக்காக வெளியே அனுப்புவதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் செலவு வரம்பு எதற்காக இருக்கிறது? பணபலம் இல்லாத, முதல் தடவை நிற்கிற ஒருவரும் போட்டியிட முடியவேண்டும் என்பதற்காக. நாளைக்கு நம் பிள்ளைகளில் ஒருவர் அப்படி நிற்கும்போது அந்த வரம்புதான் துணை. நமக்கு வேண்டியவர் என்பதற்காக அதைத் தளர்த்தினால், வேண்டாதவருக்கும் சேர்த்துத்தான் தளர்த்துகிறோம்.

நமக்குத் தைரியம் இல்லாமல் இல்லை. 2009 மே 10-ல் கார்டினர் நெடுஞ்சாலையில் இறங்கி உட்கார்ந்த சமூகம் நாம். ஆனால் அன்றாடப் பிரச்சினைகளுக்கு மறியலைவிட விடாமல் மனு போடுகிற பொறுமைதான் உதவும். 2023 ஜூலை 24-ல் ஸ்கார்பரோ ஆர்.டி. ரயில் தடம் புரண்டு ஐந்து பேர் காயமடைந்தார்கள். அந்தப் பாதை அதோடு நிரந்தரமாக மூடப்பட்டது. நம்மில் எத்தனை பேர் அதன் பராமரிப்புப் பதிவுகளைக் கேட்டு எழுதினோம்?

கேட்பதற்குப் பெரிய செலவும் இல்லை. ஊரில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருப்பதுபோல (இந்தியாவில் 2005 முதல், இலங்கையில் 2016 முதல்) இங்கேயும் ஒன்று உண்டு. 5 டாலர் கட்டி மாநகராட்சியிடம் ஆவணம் கேட்கலாம். நகரசபைக் கமிட்டிகளில் நேரில் போய்ப் பேசலாம். இதற்கெல்லாம் குடியுரிமை தேவையில்லை. ஓட்டுப் போட முடியாத பி.ஆர்.காரர்களுக்கும் மாணவர்களுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது.

2022 மாநகரத் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் 30 சதவீதத்துக்கும் குறைவு. இந்தத் தடவை ஓட்டுரிமை உள்ளவர்கள் கட்டாயம் போடுங்கள். தேர்தல் முடிந்தபின் வேட்பாளர்களின் செலவுக் கணக்கு மாநகராட்சி இணையதளத்தில் வரும். உங்கள் வார்டில் ஜெயித்தவருடைய கணக்கை ஒரு தடவை திறந்து படியுங்கள். பொன்னாடையை அதற்கப்புறம் போர்த்தினாலும் போதும்.