இந்திய எண், அயல்நாட்டுக் குரல்: எப்படி?

"டெல்லி போலீஸ் பேசுகிறோம்" என்று அழைப்பு. திரையில் +91 எண். பேசுகிறவரோ கம்போடியாவில் இருக்கலாம்.

திரையில் தெரியும் எண்ணை நம் போன் சரிபார்ப்பதில்லை. அழைப்பு புறப்படும் இடத்திலிருந்து எந்த எண் வந்ததோ அதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். கடித உறையில் அனுப்புநர் முகவரியை யார் வேண்டுமானாலும் எப்படியும் எழுதலாமே, அதே கதை. இணையவழி அழைப்பில் மென்பொருளே பொய் எண்ணை நிரப்பிவிடும். இத்தகைய அழைப்புகளைத் தடுக்க மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2024 அக்டோபரில் டெல்லியில் ஓர் அமைப்பைத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் பிடிபட்டவை மட்டும் 1.35 கோடி!

வாட்ஸ்அப் வீடியோ அழைப்பு இந்த வலையில் சிக்காது. 'டிஜிட்டல் கைது' எனும் மோசடி அங்கேதான் நடக்கிறது. போலிச் சீருடை, போலி வாரன்ட், "கேமராவை அணைக்காதே, வீட்டில் யாரிடமும் சொல்லாதே" என்ற மிரட்டல். எல்லாவற்றிலும் கொடியது அந்தக் கடைசிக் கட்டளை. நிதானமாக யோசிக்கும் இன்னொருவரை அது விலக்கி வைக்கிறது. வீடியோவில் கைது செய்ய இந்தியச் சட்டத்தில் இடமே இல்லை. தயங்காமல் போனைத் துண்டியுங்கள்.

பணம் போய்விட்டதா? உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழையுங்கள். போன பணம், மோசடிக்காரர்கள் வாடகைக்கு வாங்கிய பிறர் வங்கிக் கணக்குகள் வழியே கைமாறிக்கொண்டே இருக்கும். அதை யாராவது எடுப்பதற்குள் வங்கிகள் முடக்கியாக வேண்டும்.