படையும் பல்கலைக்கழகமும் – 6: ஹார்வர்டில் இருவேறு வழக்குகள்

அரசு நிலக்கொடையால் தோன்றிய கல்லூரிகள் படைப்பயிற்சியையும் பாடமாகக் கற்பிக்க வேண்டும் என்று 1862-ஆம் ஆண்டின் மோரில் சட்டம் விதித்தது சென்ற இதழில் விளக்கப்பட்டது. 1636-இல் நிறுவப்பட்ட தனியார் பல்கலைக்கழகமான ஹார்வர்டை அச்சட்டம் கட்டுப்படுத்தவில்லை. அங்கே படைப்பயிற்சி நுழைந்தது நிர்ப்பந்தத்தால் அன்று, விருப்பத்தால். ஐரோப்பாவில் முதல் உலகப்போர் மூண்ட பின், தலைவர் லாரன்ஸ் லோவெலின் ஆதரவுடன், கேப்டன் கான்ஸ்டன்ட் கோர்டியர் என்ற படை அதிகாரி மாணவர்களைத் திரட்டி 'ஹார்வர்டு ரெஜிமென்ட்' என்ற அணிக்குப் பயிற்சி அளித்தார். 1916 ஜூன் மாதத் தேசியப் பாதுகாப்புச் சட்டம் சேமப்படை அதிகாரிப் பயிற்சிப் பிரிவை, அதாவது ஆர்.ஓ.டி.சி.யை, உருவாக்கியபோது அதை முதலில் ஏற்ற நிறுவனங்களுள் ஹார்வர்டும் ஒன்றாயிற்று. மறு ஆண்டு பால் அசான் தலைமையில் வந்த பிரெஞ்சு அதிகாரிகள், ஃப்ரெஷ் பாண்ட் ஏரிக்கு அருகே பதுங்குகுழிகள் வெட்டச் செய்து, மேற்குப் போர்முனையின் முறைகளைக் கற்பித்தனர். 1926-இல் கடற்படை தனக்கெனப் பயிற்சிப் பிரிவுகளைத் தொடங்கிய ஆறு பல்கலைக்கழகங்களிலும் ஹார்வர்டு இடம்பெற்றது.

இந்த ஏற்பாட்டில் அதிகாரிகளையும் ஆயுதங்களையும் சீருடைகளையும் படைத்துறை அளித்தது. பல்கலைக்கழகம் இடம் தந்ததோடு, பயிற்சி வகுப்புகளைப் பட்டத்துக்குரிய பாட அலகுகளாகவும் ஏற்றது. அனுப்பப்படும் அதிகாரி படைக்கலைப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற பின்னரே ஒரு பிரிவைத் தொடங்கலாம் என்பது 1916-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிபந்தனை. ஆகவே, ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதும் பாடத்தின் தரத்தை அளப்பதும் தங்கள் உரிமை என்று கருதிய ஆசிரியர் அவைக்குள், அந்த அவை தேர்ந்தெடுக்காத ஒருவர் பேராசிரியர் பெயருடன் அமர்ந்தார். போர்க்காலத்தில் பொருட்படுத்தப்படாத இந்த முரண், வியட்நாம் போரின்போது வெளிப்பட்டது.

1969 பிப்ரவரியில் கலை, அறிவியல் ஆசிரியர் அவை, பயிற்சி வகுப்புகளுக்குப் பட்ட மதிப்பு அளிப்பதை நிறுத்தத் தீர்மானித்தது. அது போதாது, பிரிவையே வெளியேற்ற வேண்டும் என்று கோரிய மாணவர்கள், ஏப்ரல் 9 அன்று நிர்வாகக் கட்டடமான யூனிவர்சிட்டி ஹாலைக் கைப்பற்றினர். தலைவர் நேதன் பியூசி அழைத்த காவலர்கள் மறுநாள் விடியலில் தடியடியுடன் அவர்களை அகற்றியதும், அதுவரை ஒதுங்கி நின்ற மாணவர்களும் வகுப்புப் புறக்கணிப்பில் இறங்கினர். சிறப்புரிமை ஏதுமற்ற பாடத்திட்டப் புறச் செயல்பாடாக மட்டுமே பயிற்சி தொடரலாம் என்று ஆசிரியர் அவை அறிவித்தது. அத்தகைய தாழ்ந்த நிலையை ஏற்க விரும்பாத படைத்துறை 1971-க்குள் வளாகத்தை விட்டு வெளியேறியது.

1976 முதல், விரும்பிய மாணவர்கள் அருகிலுள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குச் சென்று பயிற்சி பெற அனுமதிக்கப்பட்டது. ஆனால் ஒருபால் ஈர்ப்பாளர்கள் தம் இயல்பை வெளிப்படுத்தினால் படையில் நீடிக்க முடியாது என்ற 1993-ஆம் ஆண்டுச் சட்டம், பாகுபாடின்மை என்ற பல்கலைக்கழகக் கொள்கையோடு மோதியது. 1990-களின் நடுவில் ஹார்வர்டு அந்தப் பயிற்சிக்கான செலவை ஏற்க மறுத்து, முன்னாள் மாணவர்களின் நன்கொடைக்கு அதை விட்டது. அச்சட்டத்தை நீக்கும் மசோதா 2010 டிசம்பரில் நிறைவேறியதும், 2011 மார்ச் 4 அன்று தலைவர் ட்ரூ ஃபாஸ்டும் கடற்படைச் செயலர் ரே மாபஸும் கடற்படைப் பயிற்சிப் பிரிவை மீண்டும் ஏற்கும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். தரைப்படை 2012-இலும் விமானப்படை 2016-இலும் தொடர்ந்தன.

நாற்பதாண்டுப் பிணக்கு என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்மையில் இரண்டு வழக்குகள். முதலாவது, வகுப்பறையில் யாருக்கு அதிகாரம் என்பது. இரண்டாவது, படையில் சேர யாருக்கு உரிமை என்பது. 2011-ஆம் ஆண்டின் உடன்பாடு தீர்த்தது இரண்டாவதை மட்டுமே. வளாகத்தில் அலுவலகம் திறக்கப்பட்ட பின்னும் பயிற்சியின் பெரும்பகுதி தொழில்நுட்பக் கழகத்திலேயே நடந்ததால், முதல் வழக்கை மீண்டும் விசாரிக்கும் தேவை எவருக்கும் எழவில்லை.

(தொடரும்)