வீட்டுத் திசைவியும் இணைய வேகமும்

வீட்டுத் திசைவி (ரவுட்டர்) என்பது ஓர் இணைய இணைப்பை வீட்டிலுள்ள பல கருவிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் சாதனம் ஆகும். இதனை மாற்றினால் வேகம் கூடுமா என்பது, தடை வீட்டிற்கு வெளியே உள்ளதா, உள்ளே உள்ளதா என்பதைப் பொறுத்தது.

வெளி இணைப்பு

இந்தியாவின் 2004ஆம் ஆண்டு அகலப்பட்டைக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட்டைக் குறைந்தபட்ச வேகமாக வரையறுத்தது. இவ்வளவு 2013இல் 512 கிலோபிட்டாகவும், 2023இல் 2 மெகாபிட்டாகவும் உயர்த்தப்பட்டது.

பி.எஸ்.என்.எல். நிறுவனம் 2005இல் செப்புத் தொலைபேசிக் கம்பி வழியே அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியது. இம்முறையில் தொலைபேசி இணைப்பகத்திலிருந்து தொலைவு கூடக்கூடக் குறிகை நலிந்து வேகம் குறையும். மதுரை மாவட்டத்துத் திருவாதவூர் போன்ற ஊர்களில், இணைப்பகத்திலிருந்து விலகியிருக்கும் வீட்டின் இக்குறையைப் புதிய திசைவி நீக்காது. ஒளியிழையில் குறிகை இழப்பு மிகக் குறைவு.

உள் இணைப்பு

2003இல் வெளியான 802.11ஜி சீர்தரத்தின் உச்ச வேகம் 54 மெகாபிட். நடைமுறையில் ஏறத்தாழ பாதியே கிடைக்கும். எனவே 100 மெகாபிட் ஒளியிழை இணைப்பில் இவ்வகைத் திசைவியே தடையாகிறது, மாற்றினால் பயனுண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகள் சுவர்களை ஓரளவு கடக்கும், ஆனால் அண்டை வீட்டுத் திசைவிகளால் இடையூறுக்கு உள்ளாகும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைகள் வேகமானவை, ஆனால் சுவர்களால் எளிதில் நலிவடையும்.

கண்டறியும் முறை

கணினியை ஈத்தர்நெட் வடத்தால் திசைவியுடன் இணைத்து வேகத்தை அளக்க வேண்டும். பின்னர் வை-ஃபை வழியே அளந்து ஒப்பிட வேண்டும்.

* வடத்தில் கட்டணத் திட்டத்தின் வேகம் கிடைத்து, வை-ஃபையில் குறைந்தால்: முதலில் திசைவியை வீட்டின் நடுவில், உயரமான இடத்தில் வைத்துப் பார்க்கலாம். அதன் பின்னரும் குறைந்தால் புதியது வாங்கலாம்.
* வடத்திலும் குறைந்தால்: பெரும்பாலும் குறை வெளி இணைப்பில் உள்ளது, சேவை வழங்குநரிடம் முறையிடுவதே தீர்வு. எனினும், 100 மெகாபிட்டிற்கு மேற்பட்ட திட்டங்களில் திசைவியின் பழைய ஈத்தர்நெட் துறையும் தடையாகலாம்.