கைப்பைக்குள் அடங்கினால் போதுமா?

2014 ஜனவரியில் கான்பூரிலிருந்து ‘நிர்பீக்’ வந்தபோது ஊரெல்லாம் பேசியது அதன் எடையைப் பற்றித்தான். .32 ரிவால்வர், டைட்டானியம் கலந்த உலோகம், வெறும் 500 கிராம். பெண்களின் கைப்பைக்குள் அடங்கிவிடும் என்றார்கள். விலை அப்போதே 1,22,000 ரூபாய்க்கு மேல். அடுத்து .22-இல் வந்த ‘நிடர்’ அதிலும் பாதி, சுமார் 250 கிராம். சின்னதாக இருந்தால் பெண்ணுக்கு ஏற்றது என்ற எண்ணம் அதோடு ஊன்றிவிட்டது. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

இரண்டு ரிவால்வர்கள் ஒரே தோட்டாவைச் சுடுகின்றன. ஒன்றின் எடை மற்றதில் பாதி. அப்படியானால் அது பின்னுக்கு உதைக்கும் வேகம் இரு மடங்கு. .32 சாதுவான தோட்டாதான். ஆனாலும் எடை குறையக் குறைய, ஒரு குண்டு வெடித்ததும் குழல் மேலே எகிறும். அதை இறக்கி மறுபடி குறி பார்க்க நேரம் பிடிக்கும். சின்ன பிரேமின் (உடற்சட்டத்தின்) கைப்பிடியைப் பற்றிப் பாருங்கள்: சுண்டுவிரலுக்கு இடமே இருக்காது, கீழே தொங்கும். குழலும் குட்டை என்பதால் முன்குறியும் பின்குறியும் நெருங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாத பிசகு, நாலைந்து மீட்டர் தள்ளிப் பெரிய விலகலாகிவிடும்.

.22-இல் உதை ஒரு பொருட்டல்ல. அங்கே சிக்கல் விசையில். இந்தத் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடி விளிம்புக்குள் இருப்பதால் சுத்தியல் ஓங்கி அடித்தாக வேண்டும். அதற்கு ஸ்பிரிங் விறைப்பாக இருக்க வேண்டும். சின்ன பிரேமில் சுத்தியல் வீசி அடிக்க இடம் குறைவு, ஆகவே விறைப்பு இன்னும் கூடும். விசையை இழுக்க ஐந்து கிலோவுக்கு மேல் பலம் கேட்பவை சாதாரணம். கால் கிலோ பொருளை அசையாமல் பிடித்துக்கொண்டு ஐந்து கிலோ இழுப்பதென்றால் பழகிய கையே நடுங்கும். அமெரிக்காவில் 1931 முதலே நடுத்தர பிரேமில், ஒரு கிலோ கனத்தில் .22 ரிவால்வர் செய்து இலக்குப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டார்கள். கனமே கையை நிலைநிறுத்தும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பெரிய பிரேமில் சின்னக் கைக்கு விசை எட்டாது என்பார்கள். உண்மைதான், சிலருக்கு எட்டாது.

என்னை உறுத்துவது வேறு. வாங்கியவர்கள் சுட்டுப் பழகுவதில்லை. உரிமத்தில் ஆண்டுக்கு இத்தனை தோட்டா என்று எழுதியிருக்கும். அதைச் செலவழிக்க மனம் வராது. சுடுதளம் வெகு தொலைவில் இருக்கும். தேர்தல் வந்தால் ஆயுதத்தைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். 2016 ஆயுத விதிகள் கேட்கும் பயிற்சிச் சான்றிதழ் ஒரு தொடக்கம்தான். ஆறு மாதம் தொடாத கைக்கு அது எதையும் நினைவூட்டாது. பழகுவதற்கு மிகக் கடினமான ரிவால்வரை, பழக வாய்ப்பே இல்லாதவர் கையில் கொடுத்து, பாதுகாப்பு என்று அனுப்பிவைக்கிறோம். அலமாரியில் அது தூங்கும். வீட்டில் குழந்தை வளரும். இது எனக்குப் பெரிய பயம்.

வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், விரல் எட்டுகிற வரை கனமான பிரேமையே கேளுங்கள். தோட்டா இல்லை என்று சிலிண்டரைத் திறந்து பார்த்து உறுதிசெய்யுங்கள். பொய்த் தோட்டா போட்டு, பாதுகாப்பான திசையில் நீட்டி, பத்து முறை விசையை இழுங்கள். முன்குறி ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். .22-ஐ வெறும் சிலிண்டரோடு இழுக்காதீர்கள். சுத்தியலின் ஊசி, தோட்டா அறையின் விளிம்பில் இடித்துப் பள்ளம் விழும்.