கொலுப்படியில் நிற்கும் மருந்துக்கட்டை

நவராத்திரி நெருங்கிவிட்டால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கால் வைக்க இடம் இராது. எங்கு பார்த்தாலும் பொம்மைக் கடைகள்தான். தசாவதாரம், கல்யாண செட், கிரிக்கெட் செட் என்று ஆண்டுதோறும் புதிய தினுசுகள் வருகின்றன. இத்தனை பகட்டுக்கும் நடுவே ஒரு ஜோடி மட்டும் விறைப்பாக நிற்கும். ராஜா, ராணி. அதுதான் மரப்பாச்சி!

கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் மரப்பாச்சி ஜோடி கொடுத்து அனுப்புவது பல குடும்பங்களில் வழக்கம். பாட்டிமார் அதற்குப் பட்டுத் துணி கட்டி, பாசிமணி கோத்துப் போட்டு அழகு பார்ப்பார்கள். கொலு முடிந்ததும் பொம்மை குழந்தையின் கைக்குப் போகும். குழந்தை அதைக் கடித்தாலும் யாரும் பதற மாட்டார்கள். வீட்டில் யாருக்காவது கை கால் வீங்கினால், அதே பொம்மையின் அடிப்பாகத்தைச் சந்தனக் கல்லில் இழைத்துப் பற்றுப் போடுவார்கள்.

பொம்மை எப்படி மருந்தாயிற்று? பழைய மரப்பாச்சிகளைச் செம்மரத்தில் கடைந்தார்கள். நாட்டு மருந்துக் கடையில் செஞ்சந்தனம் என்றும், வைத்தியர்களிடம் ரக்த சந்தனம் என்றும் பெயர் பெற்றது அந்த மரந்தான்.

வாசனை இல்லாத சந்தனம்

பெயரில்தான் சந்தனம், உறவு ஒன்றுமில்லை. நறுமணச் சந்தனம் வேறு குடும்பம். செம்மரம் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. மஞ்சள் பூப் பூக்கும். வட்டமான காய்க்கு இறக்கை போல விளிம்பு இருக்கும். திருப்பதியைச் சூழ்ந்த சேஷாசலம் மலையிலும், கடப்பைப் பக்கத்து மலைகளிலுமே இது இயற்கையாக விளைகிறது. உலகில் வேறெங்கும் இதற்குப் பிறந்த மண் கிடையாது. தமிழ்நாட்டின் வட எல்லையில் சிறிதளவு உண்டு.

வெளிமரம் வெளுப்பு. சிவப்பெல்லாம் உள்ளே இருக்கும் வைரத்தில். வைரம் பாய நெடுங்காலம் ஆகும்.

இழைத்த விழுதை வீக்கத்துக்கும் தலைவலிக்கும் முகப்பருவுக்கும் பூசுவது நாட்டு வைத்தியம். குளிர்ச்சி தரும் என்பார்கள். சர்க்கரை நோய்க்கு இது நல்லது என்றும் ஒரு பேச்சு உண்டு. அது சோதனைச்சாலை எலிகளோடு நிற்கிறது. மனிதர் விஷயத்தில் நிரூபணமாகவில்லை. வைத்தியர் சொல்லாமல் உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம்.

தண்ணீரில் இறங்காத சாயம்

செம்மரத்தின் சிவப்புக்குக் காரணம் சாண்டலின் என்ற பொருள். அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு. பச்சைத் தண்ணீரில் கரையாது. ஸ்பிரிட்டில் போட்டால் ரத்தச் சிவப்பாக இறங்கும். ஆகையால் கம்பளிக்குச் சாயம் ஏற்றியவர்கள் மரத்தூளையும் துணியையும் ஒன்றாகவே கொதிக்க வைத்தார்கள். படிகாரம் போன்ற காரம் சேர்த்தால்தான் நிறம் பிடிக்கும். ஐரோப்பாவில் இடைக்காலச் சமையற்காரர்கள் பண்டங்களுக்குச் சிவப்பூட்டவும் இதையே தேடினார்கள்.

இந்தப் பிடிவாதமே அசலைக் காட்டிக் கொடுக்கும். மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ நாட்டு மருந்துக் கடையில் செஞ்சந்தனக் கட்டை வாங்கினால், ஒரு சிறு சிராயைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். தண்ணீர் சீக்கிரமே இளஞ்சிவப்பானால் அது பதிமுகமாக இருக்கலாம். கேரளத்தில் குடிநீரில் போட்டுக் காய்ச்சுகிறார்களே, அந்த மரம். நீர் மஞ்சளாகி, வெளிச்சத்தில் நீலம் மின்னினால் வேங்கை. அசல் செம்மரம் பெரும்பாலும் மூழ்கிவிடும். தண்ணீரோ ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

தூளாக வாங்கினால் கலப்படத்தைக் கண்டுபிடிப்பது கடினம். கட்டையாக வாங்குவதே புத்திசாலித்தனம்.

உயிரைக் குடித்த விலை

ஜப்பானில் ஷாமிசென் என்ற நரம்பு வாத்தியத்தின் கழுத்துக்குச் செம்மரம்தான் உயர்ந்தது. சீனாவில் செல்வர் வீட்டு மேஜை நாற்காலிகளுக்கு. இந்த ஆசைதான் வினையாயிற்று. 1995 முதல் இதன் சர்வதேச வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆயினும் கள்ளத்தனமாக வெட்டுவது நிற்கவில்லை. வெட்டப் போகிறவன் கூலிக்காரன். லாபம் போகிற இடம் வேறு. 2015 ஏப்ரல் 7-ந் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசார் சுட்டதில் 20 பேர் மாண்டார்கள். திருவண்ணாமலை, தருமபுரி முதலிய தமிழ்நாட்டு மாவட்டங்களைச் சேர்ந்த ஏழைகள்.

நேர்வழியும் இல்லாமல் இல்லை. சொந்த நிலத்தில் செம்மரம் வளர்க்கும் விவசாயிகள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அடையாற்றுக்குத் தெற்கே தரமணியில் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் இருக்கிறது. செம்மர வியாபாரத்தில் வசூலான பங்குத் தொகையை அது ஆந்திர வனத்துறைக்கும், இங்குள்ள விவசாயிகள் சிலருக்கும் வழங்கியிருக்கிறது.

சாயம் பூசிய ராஜா ராணி

செம்மரத்துக்கு இவ்வளவு கிராக்கி வந்த பின் பொம்மை கடைகிறவர் என்ன செய்வார்? இன்று கடைகளில் இருக்கும் மரப்பாச்சிகளில் பல வேறு மரத்தில் செய்து சிவப்பு அல்லது கறுப்புச் சாயம் ஏற்றியவை. கொலுவில் வைக்கக் குறையில்லை. ஆனால் அவற்றைக் கல்லில் இழைத்தால் உடம்பில் ஏறுவது சாயமும் வார்னிஷுமே! குழந்தை வாயில் வைக்கவும் விடக்கூடாது. வாங்கும்போது ஈரத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் நிறம் ஒட்டினால் அது படியோடு நிற்கட்டும்.

பாட்டி காலத்து ஜோடி பரணில் இருந்தால், எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். எத்தனையோ வீக்கங்களுக்கு இழைத்த பொம்மையென்றால் அடிப்பாகம் ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருக்கும்.