மாதக் கட்டணம் இல்லாமல் தமிழ்ச் செய்தி: டிஷ் பொருத்துவது எப்படி?

சங்கக் கூட்டங்களில் பெரியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "சார், நீங்கள் ரயில்வேயில் எஞ்சினியராக இருந்தவர். மாதாமாதம் பணம் கட்டாமல் டி.வி.யில் தமிழ்ச் செய்தி பார்க்க வழி உண்டா?" பிள்ளைகள் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகு, பாஷை புரியாத ஊரில் பகல் முழுக்கத் தனியாக இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. வழி இருக்கிறது.

மாடியில் குழாய் நட்டுக் கட்டிய பழைய அலுமினிய ஆண்டெனா இதற்கு உதவாது. தூர்தர்ஷனின் அனலாக் ஒளிபரப்பு நிலையங்கள் 2022-க்குள் அநேகமாக எல்லாம் மூடப்பட்டுவிட்டன. இப்போது வேண்டியது டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய இச்சேவைக்குச் சந்தா கிடையாது. 2024 ஜனவரியில் 'டிடி தமிழ்' என்று பெயர் மாறிய நமது பொதிகை இதில் வருகிறது. ஆனால் தனியார் தமிழ்ச் சேனல்களை எதிர்பார்த்து இதை வாங்க வேண்டாம்; தனியார் சேனல்களில் பெரும்பாலானவை இந்திதான்.

வாங்கும்போது: 60 செ.மீ. டிஷ் சாதாரணமாகப் போதும். மழை அதிகமுள்ள இடத்தில் 90 செ.மீ. நல்லது. பெட்டி எம்பெக்-4 வகையாக இருக்கட்டும். பழைய எம்பெக்-2 பெட்டியில் எல்லாச் சேனல்களும் வராது. கேபிள் ஆர்.ஜி.-6.

திசை: ஜிசாட்-15 செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேல், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில், சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளந்தால் மும்பையில் 131 டிகிரி, தில்லியில் 149, கொல்கத்தாவில் 167. அண்ணாந்து பார்க்கும் கோணம் முறையே 57, 52, 63 டிகிரி. திசைகாட்டியை இரும்புத் தொட்டி, கம்பிகளுக்கு அருகில் வைத்துப் பார்க்காதீர்கள். முள் பொய் சொல்லும்.

எதிர்க் கட்டடம் மறைக்குமா? மும்பையில் அது நம் டிஷ்ஷைவிட 10 மீட்டர் உயரம் என்றால், 7 மீட்டர் தள்ளி இருந்தாலே போதும்.

பொருத்துதல்: குழாயை ரசமட்டம் வைத்துச் செங்குத்தாக நிறுத்தி, நான்கு போல்ட்டுகளால் கான்கிரீட்டில் இறுக்குங்கள். குழாய் சாய்ந்தால் எந்தக் கணக்கும் ஒத்துவராது. இந்த டிஷ் பார்வைக்கு நிமிர்ந்தே நிற்கும். எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருப்பதே காரணம். ஆகவே கண்மதிப்பை நம்பாமல், தாங்கியில் உள்ள அளவுக்கோட்டின்படி கோணம் வையுங்கள்.

டி.வி. திரையில் இரண்டு கோடுகள் தெரியும். 'ஸ்ட்ரெங்த்' கோடு செயற்கைக்கோளைப் பிடிக்காதபோதும் ஏறி நிற்கும். 'குவாலிட்டி' கோட்டைத்தான் பார்க்க வேண்டும். 60 செ.மீ. டிஷ் ஒன்றரை டிகிரி விலகினாலே சிக்னல் பாதியாகிவிடும். எனவே விரல் அகலம் திருப்பி, சற்று நின்று, மறுபடி திருப்புங்கள். கடைசியில் எல்.என்.பி.யையும் அதன் பிடிக்குள் மெல்லச் சுழற்றி, குவாலிட்டி உச்சத்தில் நிறுத்துங்கள். மும்பையில் இந்தச் சாய்வு சுமார் 45 டிகிரி வரை வரும். பலர் விட்டுவிடும் வேலை இது.

கேபிளை மாட்டும்போதும் கழற்றும்போதும் பெட்டியின் மின்சாரத்தை நிறுத்துங்கள். அதே கேபிளில்தான் எல்.என்.பி.க்கு 13 அல்லது 18 வோல்ட் போகிறது. ஷார்ட் ஆனால் பெட்டி பழுதாகலாம். இணைப்புக்குச் சற்று முன் கேபிளைக் கீழே தொங்கவிட்டு வளையுங்கள். மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். அடைமழையில் சில நிமிடம் படம் போனால் பழுது என்று எண்ணி மாடிக்கு ஓடாதீர்கள். மழை விட்டதும் தானே வரும்.

முக்கியமான ஒன்று. கைப்பிடிச் சுவர்மேல் ஏறி வேலை செய்யாதீர்கள். மின்கம்பி அருகே குழாயைத் தூக்காதீர்கள். இடி மின்னலில் மாடிப்பக்கமே போகாதீர்கள். டிஷ்ஷுக்கு எர்த்தும் கொடுத்துவிடுங்கள். அறுபது தாண்டியவர்கள் கீழே உட்கார்ந்து குவாலிட்டி கோட்டைப் பார்த்துச் சொல்லட்டும். மாடி வேலையை இளைஞர்கள் இருவர் சேர்ந்து செய்யட்டும். செய்தி ஒரு நாள் தாமதமானால் நஷ்டமில்லை. விழுந்த இடுப்பெலும்பு சேர மாதங்கள் ஆகும்.